அம்மா பெயரில் டியூப் லைட் வேண்டாம், அம்மா கையில் காசு கொடுங்கள்

என் அன்பு மாணவ மாணவியரே, உறவுகளே,

நாளை மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, அன்னையர் தினம். காலையிலிருந்தே வாட்ஸ்அப் நிரம்பி வழிகிறது. பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாய் படம், ரோஜாப்பூ படம், கண்ணீர் வரவழைக்கும் பாட்டு. உங்களில் பலர் எனக்கும் வாழ்த்து அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் நன்றி. நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மே மாதம் மாதாவின் வணக்க மாதமும்கூட. சாயங்காலமானால் கெபி முன்னால் செபமாலை நடக்கிறது. ஆக இந்த மாதம் முழுக்க நாம் "அம்மா, அம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதனால்தான் இப்போது இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். "டீச்சர் ரிட்டயர்டு ஆகியும் பாடம் நடத்துவதை விடவில்லை" என்று சிரித்துக்கொண்டே படித்தாலும் சரி, கடைசிவரை படியுங்கள்.

முதலில் இந்த நாள் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இது கடைக்காரர்கள் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு கோயிலில் தொடங்கியது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கிராஃப்டன் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள மெதடிஸ்ட் ஆலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்திய ஒரு தாய் 1905-இல் இறந்தார். அவருடைய மகள் ஆனா ஜார்விஸ், 1908 மே 10 அன்று அதே ஆலயத்தில் அன்னையருக்கென்று ஒரு வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். அம்மாவுக்குப் பிடித்த வெள்ளை கார்னேஷன் பூக்கள் 500 அனுப்பி வைத்தார். 1914-இல் ஜனாதிபதி வில்சன் அதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார். பிறகு பூக்கடைக்காரர்களும் வாழ்த்து அட்டைக்காரர்களும் இந்த நாளை எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த அதே ஆனா ஜார்விஸ், "நான் கேட்டது இது இல்லை" என்று 1948-இல் சாகும்வரை எதிர்த்துப் போராடினார். அச்சடித்த அட்டை அனுப்புவதை அவர் சோம்பேறித்தனம் என்றே நினைத்தார். இன்றைக்கு நாம் 'ஃபார்வர்டு' செய்வதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

சரி, பாடத்துக்கு வருகிறேன்.

தாய் தந்தையைப் பற்றிய கட்டளை நமக்கு நான்காவது. தரங்கம்பாடி வழியாக வந்த லுத்தரன் சபை உறவுகளுக்கும் நான்காவதுதான். சி.எஸ்.ஐ. உறவுகளுக்கு ஐந்தாவது. எண்ணும் முறைதான் வேறு, கட்டளை ஒன்றுதான். இந்தக் கட்டளையை நாம் மறைக்கல்வி வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லித் தருகிறோம். "அம்மா சொன்னால் கேட்கணும், எதிர்த்துப் பேசக்கூடாது" என்று விளக்கம் வேறு சொல்கிறோம். ஆனால் சீனாய் மலை அடிவாரத்தில் நின்று இந்தக் கட்டளைகளைக் கேட்டவர்கள் யார்? ஆடு மாடு வைத்திருந்தவர்கள், குடும்பம் நடத்தியவர்கள், வயதான அப்பா அம்மாவைப் பாலைவனத்தில் கூட்டிக்கொண்டு நடந்தவர்கள். களவு செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே, பிறன் வீட்டை விரும்பாதே என்பதெல்லாம் வளர்ந்தவர்களுக்கான கட்டளைகள். அந்த வரிசையில் இருப்பது மட்டும் எப்படி மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கானதாக இருக்கும்? இது சம்பாதிக்கிற, வீடு கட்டுகிற, முடிவு எடுக்கிற வயதில் இருக்கும் உங்களுக்கானது.

பழைய தமிழ் வேதாகமத்தில் இந்த இடத்தில் 'கனம்பண்ணு' என்ற சொல் வருகிறது. புதிய பொது மொழிபெயர்ப்பில் 'மதித்து நட' என்று வருகிறது. இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் எனக்கு அந்தப் பழைய 'கனம்' பிடிக்கும். கனம் என்றால் எடை. நெல் மூட்டை கனமாக இருக்கிறது என்கிறோம். கோர்ட்டில் 'கனம் நீதிபதி அவர்கள்' என்கிறோம். எபிரேய மொழியிலும் இதே கதைதான். அங்கே கட்டளையில் உள்ள வினைச்சொல்லின் வேருக்கும் எடை, பாரம் என்றுதான் பொருள். அதற்கு எதிரான சொல்லும் வேதத்தில் இருக்கிறது. விடுதலைப் பயணம் 21-ஆம் அதிகாரத்தில் தாய் தந்தையைச் சபிக்கிறவனைப் பற்றி ஒரு வசனம் வருகிறது. அங்கே 'சபிப்பது' என்பதற்கான எபிரேயச் சொல்லின் வேர்ப்பொருள் 'லேசாக்குவது'. அதாவது ஒரு ஆளை எடையில்லாமல் ஆக்குவது.

இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். நிலத்தை விற்கலாமா, பேத்தியை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். "உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு" என்கிறோம். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் தராசில் அந்த அம்மாவின் தட்டு மேலே போய்விட்டது. லேசாக்குவது என்று வேதம் சொல்வது அதைத்தான்.

இன்னொன்றும் பாருங்கள். இந்தக் கட்டளைக்கு மட்டும் ஒரு வாக்குறுதி சேர்ந்து வருகிறது. ஆண்டவர் கொடுக்கும் நிலத்தில் நீ நெடுநாள் வாழ்வாய் என்பது அதன் சாரம். தாயையும் நிலத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசுகிறது வேதம். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் ஒரு மா நஞ்சை எத்தனை பெண்களின் இடுப்பு வலி என்று நமக்குத் தெரியும். குறுவைக்கு நாற்று நட்டு, களை எடுத்து, சம்பா அறுப்பில் கதிர்க்கட்டு சுமந்து, நெல் அவித்து, காயவைத்து, குதிரில் கொட்டிக் காப்பாற்றியவர்கள் நம் அம்மாக்கள். அந்த நிலம்தான் பிறகு நம் பெயருக்குப் பட்டா மாறுகிறது. பட்டா மாறிய பிறகு அம்மா எங்கே இருக்கிறார் என்பதுதான் கட்டளை கேட்கும் கேள்வி.

இயேசு இதைப் பற்றி என்ன சொன்னார்? மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தை இன்று இரவு எடுத்துப் படியுங்கள். அங்கே பரிசேயரோடு அவருக்கு ஒரு பெரிய வாக்குவாதம். அக்காலத்தில் 'கொர்பான்' என்று ஒரு வழக்கம் இருந்தது. கொர்பான் என்றால் கடவுளுக்குக் காணிக்கை. ஒருவன் தன் சொத்தைக் கொர்பான் என்று சொல்லிவிட்டால், அதிலிருந்து தாய் தந்தைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. மதத் தலைவர்களும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள். இயேசுவுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். உங்கள் பரம்பரை வழக்கத்தால் கடவுளின் வார்த்தையையே செல்லாததாக்கிவிட்டீர்கள் என்று நேருக்கு நேர் சொன்னார். கடவுளுக்கே கொடுத்தாலும் சரி, தாயின் சோற்றை எடுத்துக் கொடுத்தால் அந்தக் காணிக்கை கடவுளுக்கு வேண்டாம். இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது.

கனம் என்பது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை, அதில் செலவும் உண்டு என்பதற்கு இந்தப் பகுதியே சாட்சி. பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் 5-ஆம் அதிகாரத்திலும் கைம்பெண்களை மதிக்கச் சொல்லிவிட்டு, உடனே பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் அவர்களைத் தாங்க வேண்டும் என்கிறார். தன் வீட்டாரைக் கவனிக்காதவன் விசுவாசம் இல்லாதவனைவிட மோசம் என்று முடிக்கிறார்.

இப்போது நம் கோயில்களைப் பாருங்கள். நான் கோயிலுக்குக் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை, நானும் கொடுக்கிறேன். ஆனால் டியூப் லைட்டில் பெயர், ஃபேனில் பெயர், பெஞ்சில் பெயர். 'எங்கள் தாயாரின் நினைவாக' என்று எழுதி, கீழே 'உபயம்' என்று மகன் பெயர் பெரிதாக. விளக்கு எரிகிறது, எழுத்து வெளிச்சத்தை மறைக்கிறது. சில பெயர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது. அந்த அம்மா கடைசி இரண்டு வருஷம் கண்புரை ஆபரேஷன் செய்யாமல் தடவித் தடவி நடந்தது ஊருக்கே தெரியும். இறந்த பிறகு கிரானைட் கல்லறை, ஆள் உயர கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கூடை கூடையாகப் பூ. இதுதான் நம் ஊர் கொர்பான்.

ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும். காவி உடுத்தி, பாட்டுப் பாடி, தஞ்சாவூர் ரோட்டில் சாரிசாரியாக நடந்து போவார்கள். நல்ல பக்தி. நம் பிள்ளைகளும் போகட்டும். செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள் என்பதால்தான் அந்தத் திருவிழா. மாதா பிறந்தநாளுக்கு நூறு கிலோமீட்டர் நடக்கிறவன், பெற்ற தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக 'டைம் இல்லை' என்று சொன்னால், மாதாவே என்ன நினைப்பார்?

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயமும் இல்லை. நம் காவிரிப்பூம்பட்டினத்துப் பட்டினத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வணிகர். எல்லாவற்றையும் துறந்து கோவணத்தோடு போனவர். வீடு வேண்டாம், காசு வேண்டாம், உறவு வேண்டாம் என்றவர், தாய்க்குக் கொள்ளி வைக்க வருவேன் என்று சொன்ன வாக்கை மட்டும் துறக்கவில்லை. வந்து பச்சை வாழைமட்டை அடுக்கித் தன் கடனைச் செய்தார் என்று சொல்வார்கள். கும்பகோணம் பக்கத்தில் பட்டீச்சுரத்தில் முதலாம் ராஜேந்திர சோழன் பஞ்சவன் மாதேவிக்குக் கட்டிய பள்ளிப்படைக் கோயில் இன்றும் நிற்கிறது. பஞ்சவன் மாதேவி அவனைப் பெற்றவர் இல்லை, சிற்றன்னை. இந்த மண்ணில் பிறந்துவிட்டு, 'நான் ஜெபத்தில் இருக்கிறேன், ஊழியத்தில் இருக்கிறேன், அம்மாவைப் பார்க்க முடியவில்லை' என்று எந்த மதத்துக்காரரும் சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். இரண்டு மகன்கள். இருந்த நிலத்தை இருவருக்கும் சரிபாதியாக எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு மாச முறை. ஒரு மாதம் பெரியவன் வீடு, அடுத்த மாதம் சின்னவன் வீடு. ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், மாத்திரை போட்ட மஞ்சள் பை. ஒன்றாம் தேதி காலையில் அதே தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவர் நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு நாள் 31-ஆம் தேதி. மத்தியானம் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, சாப்பிடலையா?" என்று கேட்டேன். "முப்பது நாள்தாம்மா பேச்சு. இன்னிக்கு யாரு கணக்குன்னு தெரியல" என்றார்.

நான் கணக்கு டீச்சர். வருஷத்தில் 31 நாள் உள்ள மாதங்கள் ஏழு. அந்த ஏழு நாளும் அந்த அம்மா யாருக்கும் அம்மா இல்லை. அந்த வருஷம்தான் பெரிய மகன் தேர் பவனிக்கு உபயம் செய்திருந்தார். ஒலிபெருக்கியில் மூன்று முறை பெயர் வாசித்தார்கள்.

இப்படிப்பட்ட அம்மாக்களுக்குச் சட்டம் என்ன செய்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. கைவிடப்பட்ட பெற்றோர் ஆர்.டி.ஓ. எனப்படும் கோட்டாட்சியரிடம் ஒரு மனுக் கொடுத்தால் போதும். வக்கீல் வைக்கத் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிடலாம். மகனுக்கு மட்டும் இல்லை, மகளுக்கும், வயது வந்த பேரன் பேத்திக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. முதியவரைக் கைவிட்டு விட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு முக்கியமானது. என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம்.

நம் நாகப்பட்டினத்திலேயே ஒரு வழக்கு நடந்தது. ஒரு தாய் மகன் பெயருக்குத் தன் சொத்தை செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். மகனும் மருமகளும் கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. மகன் கவனிக்கவில்லை. மகன் இறந்த பிறகு மருமகளும் கவனிக்கவில்லை. 87 வயதில் அந்தத் தாய் கோட்டாட்சியரிடம் போனார். கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்தார். அதை எதிர்த்து மருமகள் உயர் நீதிமன்றம்வரை போனார். பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை எதுவும் எழுதவில்லையே என்பது வாதம். நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், கே. ராஜசேகர் அமர்வு அதை ஏற்கவில்லை. பெற்றவர் பாசத்தால் எழுதிக் கொடுக்கும்போது, பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அந்தப் பாசத்துக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எழுத வேண்டியதில்லை என்று சொல்லி ரத்து செல்லும் என்றது. 2025 மார்ச்சில் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அதே வருஷம் ஜனவரி 2 அன்று, மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாயின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்து, சொத்தைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

நாகப்பட்டினத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு மாற்கு 7-தான் ஞாபகம் வந்தது. பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது பரிசேயர் கேள்வி. பெற்ற கடன் பத்திரத்துக்கு முந்தியது என்று இயேசு சொன்னதை இரண்டாயிரம் வருஷம் கழித்து ஒரு நீதிமன்றம் வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பைப் படித்து சந்தோஷப்படவும் முடியவில்லை. 87 வயதில் ஒரு தாய் படியேறி மனுக் கொடுக்க வேண்டி வந்ததே. கோர்ட் சொத்தைத் திருப்பித் தரும். ஒரு வாய்க் காப்பியை 'இந்தாம்மா' என்று நீட்டச் சொல்லி எந்தக் கோர்ட்டும் உத்தரவு போட முடியாது. அது நம் வேலை.

அதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அம்மா கையில் காசு.

என் அம்மா படிக்காதவர். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன வருஷம் தன் இரட்டை வடத்தை அடகு வைத்தார். அது மூழ்கிப்போனது, திரும்ப வரவில்லை. வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் சேலை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "சேலை இருக்கட்டும்டி. மாசாமாசம் எங்கையில ஒரு இருபது ரூவா குடு. எதுக்குன்னு கேக்காத" என்றார். கடைசிவரை கொடுத்தேன், சம்பளம் கூடக் கூட அதையும் கூட்டினேன், எதற்கு என்று கேட்கவே இல்லை. அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். பூசையில் காணிக்கைப் பை வரும்போது தன் கையால் போடுவார். பேரப் பிள்ளைக்குக் கடலை மிட்டாய் வாங்குவார். பக்கத்து வீட்டில் யாராவது இறந்தால் தன் பெயரில் மாலை வாங்கிப் போடுவார். ஒருமுறை நடவுக்கு வரும் ஒரு பெண்ணின் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறார், இறந்த பிறகு அந்தப் பெண் வந்து அழுதபோதுதான் தெரிந்தது. வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, மருந்து வாங்கிக் கொடுத்து, எல்லாம் செய்தும் ஐம்பது ரூபாய்க்குப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிற்க வைத்தால், அந்த அம்மாவுக்குக் கனம் இல்லை. கொடுக்கிற இடத்தில் இருப்பதுதான் ஒரு மனுஷிக்கு எடை.

இங்கே ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "நான் அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். யார் பார்க்கிறார்கள்? கஞ்சி வைப்பது, படுக்கைத் துணி துவைப்பது, இரவில் எழுந்து பாத்ரூம் கூட்டிப்போவது உங்கள் மனைவி. பெயர் உங்களுக்கு. மருமகளுக்கு உதாரணமாக எல்லாரும் ரூத்தைச் சொல்வார்கள். உண்மைதான். பெத்லகேமில் வாற்கோதுமை அறுவடையில் கதிர் பொறுக்கி, தான் உண்டது போக மிச்சத்தை எடுத்துவந்து மாமியார் நகோமிக்குக் கொடுத்தவர் அவர். நம் வயல்களில் அறுப்பு முடிந்தபின் கதிர் பொறுக்கிய பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி கண்முன் வரும். ஆனால் கட்டளை யாருக்கு? பெற்ற பிள்ளைக்கு. ரூத்து தானாக முன்வந்து செய்தார். உங்களுக்கு அது கடமை. உங்கள் அம்மாவின் கால் நகத்தை நீங்கள் வெட்டிவிடுங்கள். ஒரு குறையும் வராது.

பெண் பிள்ளைகளே, "எங்களைக் கட்டிக் கொடுத்தாச்சு, அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்று நாமும் ஒதுங்க முடியாது. கட்டளையில் மகன் மகள் வித்தியாசம் இல்லை. சீர் வாங்கும்போது மகள், செலவு வரும்போது விருந்தாளி என்பது நியாயமா?

சிலர் என்னிடம் வேறு கேள்வி கேட்பார்கள். "டீச்சர், இயேசுவே 'என் தாய் யார்?' என்று கேட்டாரே? தன்னைப் பின்பற்ற தாய் தந்தையையும் விடச் சொன்னாரே?" ஆமாம், கேட்டார், சொன்னார். அம்மா சொன்னதற்காக அவர் தன் வேலையை நிறுத்தவில்லை. ஆனால் யோவான் 19-ஐப் பாருங்கள். சிலுவையில் மூச்சு முட்டும் நேரத்திலும், தனக்குப் பிறகு அம்மா எந்த வீட்டில் இருப்பார் என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் உயிர் விட்டார். அன்றிலிருந்து அந்தச் சீடர் அவரைத் தம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஆக கனம்பண்ணுவது வேறு, எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது வேறு.

இதைச் சொல்ல வேண்டிய காரணம் உண்டு. "அந்தச் சாதிப் பெண்ணைக் கட்டினால் நான் மருந்தைக் குடிப்பேன்" என்று சொல்லும் அம்மாக்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். ஞானஸ்நானத்தில் ஒரே தண்ணீர், கல்லறையில் தனித்தனி இடம் என்ற பாவம் இந்த டெல்டாவில் இன்னும் முழுசாகப் போகவில்லை. இன்னும் நகை கேள் என்று மகனைத் தூண்டும் அம்மாக்களும் உண்டு. அதற்கெல்லாம் கீழ்ப்படிவது கனம் இல்லை. "அம்மா, நான் உனக்குச் சோறு போடுவேன், உன் காலைப் பிடிப்பேன், இந்த விஷயத்தில் உன் பேச்சைக் கேட்க மாட்டேன்" என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். சிறு வயதில் அடித்தும் ஒதுக்கியும் வளர்த்த தாயைப் பற்றிச் சிலர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். அவர்களிடம் பாசம் வரவழைத்துக்கொள் என்று நான் சொன்னதில்லை. கட்டளை பாசத்தைக் கேட்கவில்லை. அந்த அம்மா பசியோடும் அழுக்கோடும் கிடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், மீதியை ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு உங்களால் காலைப் பிடித்துவிட முடியாது, தெரியும். முதியோர் இல்லத்தில் சேர்ப்பதே பாவம் என்றும் நான் சொல்ல மாட்டேன். தனி வீட்டில் விழுந்து கிடப்பதைவிட நல்ல இல்லம் மேல். ஆனால் சேர்த்த பிறகு போகாமல் இருப்பது பாவம்.

இனி வீட்டுப்பாடம். பழைய பழக்கம், விட மாட்டேன்.

1. நாளை ஸ்டேட்டஸ் போடும் முன்னால் அம்மாவுக்குக் கண், காது, பல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றுக்காவது இந்த மாதமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

2. மாதம் ஒன்றாம் தேதி அவர் கையில் ஒரு தொகை கொடுங்கள். அது நூறாக இருந்தாலும் சரி, கணக்குக் கேட்காதீர்கள்.

3. வீட்டில் பெரிய முடிவு எடுக்கும்போது அவரிடம் கேளுங்கள். அவர் சொன்னபடி செய்யாவிட்டாலும், ஏன் செய்யவில்லை என்று சொல்லுங்கள். கனம் என்பது அதுதான்.

4. அண்ணன் தம்பி அக்கா தங்கை உட்கார்ந்து பேசுங்கள். யார் வைத்துக்கொள்வது, யார் பணம் கொடுப்பது, யார் மருத்துவம் பார்ப்பது என்று எழுதியே வையுங்கள். 31-ஆம் தேதியையும் சேர்த்து.

5. இது என் வயதுக்காரர்களுக்கு. பாசத்தில் எல்லாவற்றையும் செட்டில்மெண்ட் எழுதிவிடாதீர்கள். உயில் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். செட்டில்மெண்ட்தான் என்றால், சாகும்வரை அனுபவிக்கும் உரிமையும் பராமரிப்பு நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். பத்திரத்தில் நிபந்தனை இருந்தே ஆக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் நாகப்பட்டினத் தீர்ப்பை நம்பி எழுதாமல் விடாதீர்கள். எழுதச் சொல்வது பிள்ளைமேல் சந்தேகம் இல்லை. நல்ல பிள்ளைக்கு அந்த வரியால் நஷ்டம் எதுவும் இல்லை.

6. அக்கம்பக்கத்தில் யாராவது முதியவர் கஷ்டப்பட்டால் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 'அடுத்த வீட்டு விஷயம்' என்று விடாதீர்கள்.

7. பங்குத் தந்தையருக்கும் சபை குருமாருக்கும் பணிவோடு ஒரு வேண்டுகோள். பெரிய நன்கொடை கொண்டுவருகிறவரிடம், "வீட்டில் அம்மா எப்படி இருக்கிறார்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். மாற்கு 7-ஐப் பிரசங்கிப்பதைவிட அது பலன் தரும்.

அம்மா இல்லாதவர்களும் இதைப் படிப்பீர்கள், நானும் அப்படித்தான். நம் தெருவில் 31-ஆம் தேதி சாப்பாடு இல்லாத ஒரு அம்மா இருப்பார். நாளைக்கு அவருக்கு ஒரு இலை போடுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள், போட்டோ வேண்டாம். ஒரு வரி போதும், எல்லாவற்றையும் படிப்பேன்.

ஆண்டவர் உங்களையும் உங்கள் வீட்டையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்